கறுப்பு மணலில் பெண் பார்த்தது

1

லட்சக்கணக்கான வருஷத்து எரிமலை ஒன்றை, அது கடலுக்குள் இறங்கி உறைந்துபோன இடத்தோடு சேர்த்துப் பார்க்க ஆளுக்கு இருநூற்றிருபது பிராங். மத்தியானச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். நான் இருநூறுக்கு முடித்தேன். புடவைக் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவனிடம் சொன்ன விலையையே வாங்குவது மரியாதைக் குறைவு என்பது, பஸ் ஒழுங்குசெய்த லூர்துசாமிக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கதை அந்தப் பயணத்தில் கிடைத்தது. 'கிடைத்தது' என்று எழுதினால் கரையில் சோழி பொறுக்கிய மாதிரி இருக்கிறது. உண்மை வேறு. போன செவ்வாய்க்கிழமை, பாரிசின் லா ஷப்பலில் இருக்கும் என் புடவைக் கடைக்கு ஒருவர் வந்து என்னிடம் கதை கேட்டார். வாசிக்க அல்ல, ஒரு காரியத்துக்குப் பாவிக்க. அவர் யார், எதற்கு என்று சொல்வதற்கு முதல் உங்களைப் பஸ்ஸில் ஏற்றியாக வேண்டும்.

2

தொடக்கம், முதல் தரம்: 'கறுத்த பாறைகளில் மோதிய அலைகள், கௌரியின் மனதில் இருந்த துயரத்தை—'

(விட்டுவிட்டேன். அன்றைக்குக் கௌரியின் மனதில் துயரம் இல்லை, எரிச்சல் இருந்தது. அலைக்கு இரண்டுமே இல்லை.)

இரண்டாம் தரம்: 'கௌரிக்கு இருபத்தாறு வயது. அவளுக்குப் பதினெட்டு மாதம் தேவைப்பட்டது.'

இது நிற்கும். இதிலிருந்து போவோம்.

கௌரி ஒரு தையல் பட்டறையில் சட்டைக் கழுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பாரிசின் புறநகர் பொபினியில் நோயாளரைப் பராமரிக்கும் வேலைக்கு ஒரு படிப்பு இருந்தது. ஆறு மாதம் பிரெஞ்சு, பிறகு ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில். இடமும் கிடைத்துவிட்டது. அவளை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டுச் சார்செல் புறநகரில் தன் வீட்டில் வைத்திருக்கும் அண்ணன் தில்லையம்பலம் படிப்பை எதிர்க்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு படிக்கலாம் என்றுதான் சொன்னார். அப்படிச் சொல்லப்பட்ட படிப்பு எதுவும் முடிந்ததாக நான் கேள்விப்படவில்லை. வாசகர் கேள்விப்பட்டிருந்தால் கடைக்கு வந்து சொல்லலாம்.

மாப்பிள்ளை தவரத்தினம். முப்பத்தொரு வயது, சமையற்காரன். என் கடைக்கு நாலு கதவு தள்ளி அவனுடைய அக்கா இந்திராதேவி நடத்தும் சாப்பாட்டுக் கடையில் வேலை. அக்காவுக்கு முப்பத்தாறு, கலியாணமாகவில்லை. காசுமேசைக்கு ஒரு நம்பிக்கையான பெண் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். தம்பிக்குப் பெண் தேடியதும் அதே காலத்தில்தான். இரண்டு தேடலும் ஒன்றா என்று நான் கேட்கவில்லை. ஆகவே, கட்டினால் கௌரி ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள், காசுமேசைக்குத்தான் போவாள். அவளுக்கு அது தெரியும்.

3

எங்கள் முறைப்படி பெண் பார்ப்பது தற்செயலாக நடக்க வேண்டும். ஊரில் என்றால் கோயில் வீதி. இரண்டு பகுதியும் நாள், நேரம், சேலை நிறம் வரை பேசிவைத்துக்கொண்டு, எதிரே வரும்போது ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக நடப்பார்கள். பிடிக்காவிட்டால் எவருக்கும் வெட்கமில்லை. ஏனென்றால் ஒன்றும் நடக்கவேயில்லை.

லா ஷப்பலில் தற்செயல் என்று ஒன்று கிடையாது. இங்கே ஒருவர் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினால் அதன் விலை அவருக்கு முதலே வீடு போய்ச் சேரும். அதனால்தான் கடல். பிரான்சின் தெற்குக் கரையில் காப் தாக்த் என்ற இடம். வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி காலை இறக்கிவிடுவார்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பலாம். இரு பகுதியையும் தெரிந்த பொது ஆளாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.*

(* அந்த ஊரின் இன்னொரு பக்கத்தில் உடுப்பில்லாமல் உலாவும் வெள்ளைக்காரருக்கென்று ஒரு தனிக் குடியிருப்பு உண்டு. புடவை வியாபாரி என்ற முறையில் அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. லூர்துசாமி எங்களை அந்தப் பக்கம் விடவுமில்லை.)

கௌரிக்கு இது ஒரு சுற்றுலா என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் மூன்று வருஷமாக ஐஃபல் கோபுரத்தைக்கூடக் காட்டாத அண்ணன், பாறை பார்க்க டிக்கெட் எடுத்துத் தந்து, காஞ்சிபுரம் பட்டு உடுத்திக்கொண்டு வா என்றால், எந்தப் பெண்ணுக்கும் விளங்கும். அவள் ஒன்றும் கேட்காமல் உடுத்தினாள். காலுக்கு மட்டும் ஓடுகிற சப்பாத்துப் போட்டாள்.

4

வழிகாட்டியின் பெயர் ஜிஸ்லேன். வெயிலில் வெந்த முகம், பையனைப் போல வெட்டிய மயிர். அவர் பிரெஞ்சில் சொல்ல, தபால் இலாகாவில் வேலைசெய்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர் லூர்துசாமி தமிழில் சொன்னார்.

"இந்த மதாம் என்ன சொல்றாங்கன்னா, உள்ளேருந்து நெருப்புக் குழம்பு வந்துச்சாம், கடல் தண்ணி பட்டுச்சாம், அப்படியே நின்னுபோச்சாம்."

ஜிஸ்லேன் சொன்னது அதைவிட ஐந்து மடங்கு நீளம். மிச்சம் எங்கே என்று ஒருவர் கேட்டார். மிச்சமெல்லாம் கல்லோட பேருங்க, உங்களுக்கு எதுக்கு என்றார் லூர்துசாமி.

காட்சியை நான் வர்ணிக்க வேண்டும். பாறை கறுப்பு. இடையிடையே மஞ்சளும் துரு நிறமும் அடுக்கடுக்காக, பீரோவில் மடித்து வைத்த சேலைகளைப் போல. (எனக்கு வேறு உவமை வராது.) கீழே வளைந்த சிறு கடற்கரை. மணலும் கறுப்பு. கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் இரண்டு பாறைகள் தனித்தனியாக நின்றன. அவற்றின் பெயர் இரண்டு சகோதரர்களாம். அருகருகே நின்று லட்சம் வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்களுக்குப் பொருத்தமான பெயர்.

5

இனிமேல்தான் கதை.

கீழே இறங்கும் பாதை செங்குத்து, பொடிக்கல் சறுக்கும். ஜிஸ்லேனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இறங்குபவர்களை நின்ற வரிசைப்படி இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லி, சோடி சோடியாக எண்ணி அனுப்புவார். எண்ணிக்கொண்டு வந்தவர் கௌரியின் கையை எடுத்து, பக்கத்தில் நின்ற தவரத்தினத்தின் கையில் வைத்தார்.

யாழ்ப்பாணத்துச் சரித்திரத்தில் பெண் பார்க்கும் சடங்கு இந்த வேகத்தில் முன்னேறியதில்லை.

தில்லையம்பலம் வாயைத் திறந்தார். மூடினார். தடுத்தால் ஏன் என்று கேள்வி வரும். அவர்தான் அந்தப் பையனை அறியாதவராயிற்றே. இந்திராதேவி தொண்டையைச் செருமியதோடு சரி. அவர் போட்டிருந்தது குதி உயர்ந்த செருப்பு. தில்லையம்பலத்தின் காற்சட்டை அன்றுதான் அழுத்தி மடிப்பு வைத்தது. இரண்டு பேரும் மேலேயே நின்றார்கள். பொது ஆளாகிய நானும் நின்றேன்.

கௌரி பச்சைப் பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் அவனைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

6

கீழே என்ன பேசினார்கள்?

எனக்குத் தெரியாது. மேலிருந்து பார்க்க இரண்டு புள்ளிகள், ஒன்று பச்சை. பச்சைப் புள்ளி பேசியது, மற்றது தலையாட்டியது. ஒரு தடவை மற்றப் புள்ளி குனிந்து எதையோ எடுத்துக் கடலில் எறிந்தது.

எழுதிப் பார்த்தவை:

(அ) 'உங்களைக் கண்டதும் என் உள்ளம் எரிமலையாக—' (சீ.)

(ஆ) 'எனக்கு வேறொருவரில் விருப்பம்—' (அப்படி ஒருவர் இல்லை. சும்மா ஒருவரை உண்டாக்கிப் பிறகு அவருக்கும் சாப்பாடு போட என்னால் முடியாது.)

(இ) ஒன்றுமே பேசவில்லை. (புள்ளி தலையாட்டியதே.)

கடைசியில் கௌரியிடமே கேட்டேன். பத்து வசனம் தா என்றேன். ஒன்றுமில்லை என்றாள். ஐந்து? இல்லை. கலியாணச் சேலையில் விலை குறைக்கிறேன் என்றேன்.

"சேலை தேவைப்பட்டால்தானே, அண்ணை," என்றாள்.

கடை வைத்த காலத்திலிருந்து இப்படி ஒருவரிடமும் தோற்றதில்லை. போகும்போது இரக்கப்பட்டு இதை மட்டும் தந்தாள்: தனக்குப் பதினெட்டு மாதம் வேண்டும் என்றும், 'இல்லை' என்று சொன்னால் அண்ணன் அடுத்தவனைத் தேடுவார், 'ஓம்' என்று சொன்னால் ஆவணியிலேயே தாலி, ஆகவே இரண்டும் இல்லாமல், தள்ளிப்போட மரியாதையான ஒரு சாட்டுச் சொல்லும்படியும் அவனைக் கேட்டாளாம். அவன் ஏன் சம்மதித்தான் என்பது வசனக் கணக்கில் சேரவில்லை.

7

அவர்கள் மேலே ஏறி வந்தபோது நாங்கள் மூவரும் சீதனத்தில் முட்டுப்பட்டு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை என்ற பாவனையை இருபது நிமிஷத்துக்கு முந்தியே கைவிட்டிருந்தோம். தில்லையம்பலம் ஒரு தொகையில் நின்றார், இந்திராதேவி இன்னொன்றில். நான் நடுவில் நின்று இரண்டையும் ரசித்தேன்.

தவரத்தினம் மூச்சு வாங்க வந்து, அக்காவைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னான்:

"அக்காவுக்கு ஒண்டு சரிவராமல் நான் செய்யிறது முறையில்லை."

நல்ல சாட்டு. தேர்ந்த துணி. எங்கள் ஆட்களில் எவரும் இதை மறுத்துப் பேச முடியாது. முப்பத்தாறு வயதில் சீதனமும் இல்லாத அக்காவுக்கு மாப்பிள்ளை அமைய இரண்டு வருஷமாவது செல்லும் என்பது கீழே போட்ட கணக்கு.

இந்திராதேவி தனக்காக ஒருவரும் காத்திருக்கத் தேவையில்லை என்று ஏதோ சொன்னார். குரல் கொஞ்சம் பிசகியது. காற்று அதிகம். அப்போது தில்லையம்பலம், தங்கைக்கு முடிக்காமல் தனக்குப் பார்க்கக்கூடாது என்று முப்பத்தெட்டு வயதுவரை இருந்த அந்த மனிதர், முதல் தடவையாக இந்திராதேவியை நேரே பார்த்தார்.

"மாத்துச் சம்பந்தமாச் செய்தால்," என்றார் மெல்ல, "சீதனப் பேச்சே வராது."

அண்ணன்-தங்கை ஒரு பக்கம், அக்கா-தம்பி மறு பக்கம். பெண்ணைக் கொடுத்துப் பெண் எடுப்பது. வியாபாரத்தில் இதைவிடச் சுத்தமான கைமாற்று இல்லை. எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று வெட்கமாயிருந்தது.

இந்திராதேவி கைப்பையைத் திறந்து பார்த்தார், மூடினார். "அப்ப அதையும் பாப்பம்," என்றார்.

நான் கௌரியைப் பார்த்தேன். கதாசிரியன் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இரண்டு வருஷம் நிற்கும் என்று நம்பி இறக்கிய சரக்கை, கடை திறந்து ஐந்து நிமிஷத்தில் சொந்த அண்ணனே வாங்கிவிட்டார். அவள் முகத்தில் அப்போது இருந்ததை எழுத இரண்டு நாள் முயன்றேன். சிரிப்பை அடக்கியது மாதிரியும் இருந்தது, அழுகையை அடக்கியது மாதிரியும்—

(இல்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.)

இரண்டு கலியாணமும் ஒரே நாளில் வேண்டாம், கண்ணூறு படும், மூத்த சோடிக்கு முதலில் நடக்கட்டும் என்றாள். எல்லாருக்கும் அவளுடைய அடக்கம் பிடித்துப்போயிற்று.

8

ஆடி கழிய, ஆவணியில் தில்லையம்பலத்துக்கும் இந்திராதேவிக்கும் கலியாணம் நடந்தது. கூறைச் சேலை என் கடையில்தான். அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். கதைக்கு இது தேவையில்லை, ஆனால் உண்மை.

கௌரி பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். இந்திராதேவி இப்போது சார்செல்லில், அவளோடு ஒரே வீட்டில், அவளுடைய அண்ணி. காசுமேசை வெறுமையாகக் கிடப்பதை அண்ணி ஒவ்வொரு இரவும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுகிறார். தவரத்தினம் கலியாண மண்டபமாக ஒரு ஹோல் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கொஞ்சக் காலம் ஓட்டினான். தில்லையம்பலம் தானே போய்த் தை மாதக் கடைசிக்கு ஒரு ஹோல் பிடித்துவிட்டார். வருகிற ஞாயிறு வீட்டில் நாள் குறிக்கப் போகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை என் கடைக்கு வந்தவர் இந்தத் தவரத்தினம்தான்.

"அண்ணை, நீங்கள் கதை எழுதிற ஆள். கொஞ்சம் நாள் நிக்கக்கூடியதா ஒரு சாட்டுச் சொல்லுங்கோ."

ஏன் உனக்கு இந்த வேலை, கட்டிக்கொண்டு போனால் முடிந்ததே என்று கேட்டேன். கீழே வாக்குக் கொடுத்ததாகச் சொன்னான். அதற்கு மேல் அவனும் விலைக்கு இல்லை.

9

நான் கதைக்காரன். ஒரு நிமிஷத்தில் செய்து கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அக்காவுக்கும் தம்பிக்கும் உண்மையாகவே ஒரு சித்தப்பா. தவரத்தினத்தை வளர்த்தவர். போன மாதம் சண்டைக்குள் அகப்பட்டு இறந்துபோனார். ஆண்டுத் திவசம் முடியாமல் வீட்டில் நல்ல காரியம் இல்லை. முழுதாக ஒரு வருஷம். தந்தி இல்லை, தொலைபேசி இல்லை, கடிதம் வருவதில்லை. இந்த ஐப்பசியில் பாரிசில் எவராலும் சரிபார்க்க முடியாது. சித்தப்பாவின் சாவுக்குள் ஒரு சைக்கிளையும் இருமலையும்கூட வைத்தேன். இவ்வளவு ஓட்டையில்லாத சரக்கை நான் அதற்கு முன் நெய்ததில்லை.

தவரத்தினம் அதைக் கௌரியிடம் கொண்டுபோனான். மறுநாள் கௌரி வகுப்பு முடிந்து நேரே கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அங்கை உண்மையாவே சாகுதுகள், அண்ணை. ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டே எங்களுக்குத் தெரியாது. இதை அடிச்சுவிடுங்கோ."

குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். மேலே நீங்கள் வாசித்தது அடித்ததைத்தான்.

அப்படியானால் அண்ணனிடம் உள்ளதைச் சொல்லிவிடேன் என்றேன்.

"கேட்டு அவர் இல்லையெண்டால், பிறகு சாட்டும் சொல்லேலாது. இப்ப அவர் இன்னும் இல்லையெண்டு சொல்லேல்லை."

படிப்பு முடிந்த பிறகு அவனைக் கட்டுவாயா என்று கேட்டேன். வாசகருக்காகத்தான். அதைப் படிப்பு முடிய வந்து கேட்கச் சொன்னாள்.

10

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் அவள் காசுமேசையில் இருக்கிறாள். ஒன்றில் வெள்ளை அங்கி போட்டிருக்கிறாள். மூன்றாவதில் இரண்டும், கூடவே ஒரு குழந்தை. அது மலிவு, ஆனால் நன்றாக விற்கும். மூன்றையும் கட்டி வைத்துவிட்டேன். இங்கே தேவைப்படுவது முடிவு அல்ல, முடியாமல் வைத்திருக்கக்கூடிய ஒன்று. எனக்கு வருவதில்லை. இன்று வெள்ளி. உங்களிடம் ஒருவரையும் கொல்லாத, எவரும் மறுக்க முடியாத சாட்டு இருந்தால், பச்சைப் பலகை போட்ட புடவைக் கடை, ஏழு மணிவரை திறந்திருக்கும்.

நிற்கும் கணக்கு:

கௌரிக்கு வேண்டியது — பதினெட்டு மாதம்.
அக்காவின் கலியாணம் தந்தது — மூன்று.
ஹோல் கிடைக்காதது — இரண்டு.
மார்கழியும் அதற்கு முந்திய ஆயத்தமும் — இரண்டு.
கொக்குவில் சித்தப்பா — இல்லை. அவர் உயிரோடு இருக்கட்டும்.
நிலுவை — பதினொரு மாதம்.