மேட்டுத்தெரு அடிபம்பு

1

"எங்கப்பா தோத்துட்டாருங்க. எங்க தெருவுக்கும் தண்ணி வருமா?"

1986இல், ஏரியூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாதையனின் சின்ன மகள் என்னிடம் கேட்டாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. வெளிநாட்டு உதவிப் பணத்தில் அடிபம்பு போட வந்த ஓர் அம்மையாருக்கு மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வறண்ட பூமிக்குக் கருணையே உருவாக ஒரு வெளிநாட்டவர்...' அடித்துவிட்டேன். அம்மையார் நல்லவர்தான். ஆனால் கதை அவருடையதல்ல.

கவுஸ் பாஷாவுடையது. மிளகாய் வியாபாரி. பல வருட இடைவெளிக்குப் பின் அந்த ஆண்டுதான் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலில் மாதையனைத் தோற்கடித்துத் தலைவரானவர். வந்திருப்பதோ ஒரே பம்பு. தன் கடைத்தெருவில் போடுவதா, மாதையனின் மேட்டுத்தெருவிலா?

(இரண்டு தெருவுக்கும் ஒரே கிணறு. மேட்டுத்தெருவுக்குத்தான் அது வெகு தூரம். ஆனால் கடைத்தெருவிலிருந்து குடத்தோடு நடப்பவர்களில் கவுஸ் பாஷாவின் மனைவி அஸ்கரி பேகமும் ஒருவர். அவருக்கு அப்போது ஏழாம் மாதம்.)

3

"உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் எந்தத் தெரு?" என்று அம்மையார் கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"சீட்டுல பேரு எழுதலீங்களே, எனக்கெப்புடித் தெரியும்?" என்றார் கவுஸ் பாஷா. "மேட்டுத்தெருவுல போடச் சொல்லுங்க. அவுங்களுக்குத்தான் தூரம்."

"ஓட்டு எங்களுது, தண்ணி அவுங்களுக்கா பாய்?" கடைத்தெரு சென்றாயன் கத்தினார்.

"அடுத்த தடவ போடாதீங்கண்ணா. இப்ப போர் போடுற லாரிக்கு வழி வுடுங்க."

[இந்த இடத்தில் தலைவருக்கு நல்லதோர் உரை எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். அவர் லாரிக்கு முன்னால் போய்விட்டார்.]

4

மேட்டுத்தெருவில் தண்ணீர் பீறிட்டது. "உங்கள் ஜனநாயகத்தில் உங்களுக்குத் திருப்தியா?" என்று அம்மையார் ஊரைக் கேட்டார். நனைந்த வேட்டியோடு மாதையன் முன்னால் வந்தார்.

"இல்லீங்க. தோத்தவனுக்கு என்னங்க திருப்தி? அடுத்த எலக்சன்லயும் நிப்பேன். ஜெயிச்சா கடைத்தெருவுக்கும் ஒரு பம்பு கேட்டு வாங்குவேன். பூசி மெழுகாம அப்படியே சொல்லுங்க சார்."

அப்படியே சொன்னேன்.* அம்மையார் சிரித்துக் கை நீட்டினார். மாதையன் துண்டில் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கைகுலுக்கினார். உதவி வாங்கியவர்கள் கும்பிட்டு நிற்பதை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். அன்று என் மாவட்டம் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன்.

* என் குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். அது அவர் சொல்லாதது.

5

முடிவுக்கு மாதையன் அடுத்த தேர்தலில் ஜெயித்ததாக எழுதிப் பார்த்தேன். தோற்றதாகவும் எழுதினேன். இரண்டும் வேண்டாம்.

அஸ்கரி பேகம் பின்னாளில் ஒன்று சொன்னார். பம்பு பொருத்திய மறுநாளிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை, அவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசலில் ஒரு நிறைகுடம் இருந்ததாம். சிந்திய ஈரம் மேட்டுத்தெருப் பக்கமாகப் போயிருந்ததாம். வைத்தவரை யாரும் பார்த்ததில்லை. இறைவன் பார்த்திருப்பான். அவன் யாரிடமும் சொல்லமாட்டான்.

இதோ, விடியப்போகிறது. மேட்டிலிருந்து குடத்தோடு யாரோ இறங்கி வருகிறார். நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.