நல்ல இடத்தில் இருக்கிறார்

போன மாதம், பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்த ஒரு மனிதரை நான் தொலைபேசியிலேயே சாகடித்துவிட்டேன். ஆயுதம், ஆங்கிலம்.

முதியோர் இல்லத்தில் உதவியாளன் நான். படுக்கை விரிப்பு மாற்றுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, மாத்திரையை விழுங்கிவிட்டார்களா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது என் வேலை. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தே சம்பாதிக்கலாம் என்று மேலாளர் ஆசை காட்டினார். அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலத் தொடர்கள்தான். அடியில் எழுத்து ஓடினால் கண் படிக்கும், காது தூங்கிவிடும் என்று எவரோ சொல்லக் கேட்டு எழுத்தையும் அணைத்துவிட்டேன். ஆட்கள் வாயசைத்தார்கள், அர்த்தத்தை நானே ஊற்றிக்கொண்டேன்.

ஒரு தொடரில் கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு பெண்ணின் தோளில் கை வைத்து, மயிலிறகால் தடவுகிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். அந்தப் பெண் தேம்பினாள்.

"ஏங்க அழுவுறா?" என்று மனைவி கேட்டாள்.

"புருஷனுக்கு நல்ல இடத்துல வேலை கிடைச்சிருக்கு. ஆனந்தக் கண்ணீர்."

"அதுக்கு எதுக்கு மொத்தக் குடும்பமும் கறுப்புல வந்து நிக்குது?"

"அவங்க ஊர்ல அதான் நல்ல டிரஸ்."

அவளுக்குச் சந்தேகம்தான். ஆனால் வீட்டில் ஆங்கிலப் பண்டிதர் நான் ஒருவன்தானே. அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். குரலைத் தாழ்த்துவதும் தலையைச் சாய்ப்பதும் கூட அப்படியே வந்துவிட்டது.

மேசையில் என்னைப் பரீட்சைக்கு உட்கார்த்திவைத்த காலைதான் கண்டக்டரின் மகள் அழைத்தார். கண்டக்டர், பேருந்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எங்கள் இல்லத்துக்கு வந்தவர். பக்கவாதத்தில் கால் விழுந்தும் அதிகாரம் விழாதவர். பக்கத்து நகரத்திலிருந்து மகள் தினமும் அழைப்பார், வாரம் தவறாமல் வருவார், வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவார். சுவரில் ஓதம் ஏறிக் கிடந்த அறையிலிருந்து கண்டக்டரை ஜன்னல் பக்க அறைக்கு அன்று காலையில்தான் மாற்றியிருந்தோம்.

"அப்பா எப்படி இருக்காரு?"

தமிழில்தான் கேட்டார். 'நல்லா இருக்காரும்மா, ரூம் மாத்திட்டோம்' என்றிருந்தால் முடிந்தது விஷயம். விதி விடவில்லை என்று சொல்லலாம், ஆனால் விதிக்கு இவ்வளவு மேனாமினுக்கித்தனம் கிடையாது. தொண்டையைச் செருமி, தலையைச் சாய்த்துச் சொன்னேன்.

"ஹி இஸ் இன் எ பெட்டர் ப்ளேஸ் நவ், மேடம்."

"எப்போ?" என்றார்.

"திஸ் மார்னிங். வெரி பீஸ்ஃபுல்."

அந்த அறையில் உண்மையாகவே சத்தம் குறைவு. மகள் போனை வைத்துவிட்டார். மகிழ்ச்சியில் வாயடைத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியத்துக்குள் வந்துவிட்டார். கையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அறை வாசலில் அப்படியே நின்றார்.

"என்ன திடுதிப்புனு வந்து நிக்கிறே? லீவா?" என்றார் கண்டக்டர்.

"ம்."

"சட்டை யாருக்கு?"

"உங்களுக்குத்தான்ப்பா."

"எனக்கு என்ன கல்யாணமா வச்சிருக்கு?"

மகள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நான் சொன்னதற்கு ஆங்கிலத்தில் 'இறந்துவிட்டார்' என்றுதான் அர்த்தம் என்பதை மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, நல்ல தமிழில், நான்கு சுவர் கேட்க விளக்கினார்.

மேசை வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. சோறுதான் இறங்கவில்லை. "செத்தவரு பொழைச்சுக்கிட்டாரு, அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு" என்றாள் மனைவி. "போ, போய் விரிப்பை மாத்து" என்றார் மேலாளர். மேடம் என்று கூப்பிட வாய் வராமல் 'அக்கா, அக்கா' என்று மகளின் பின்னாலேயே அலைந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "பரவால்ல தம்பி." அதை என் முகத்தைப் பார்க்காமல் சொல்வார். போன் செய்வதையும் நிறுத்திவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் நேரிலேயே வந்தார். அப்பா எதற்குத் திட்டினாலும் சரி, சரி என்றார்.

நேற்று விரிப்போடு உள்ளே போனபோது, கண்டக்டர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அவர் கையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரெண்டு அடியாவது அடிச்சிடுங்க. பரவால்லன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்களை அவ்வளவு அழ வச்சிட்டேன்."

"நான் அழலை தம்பி."

நகவெட்டி 'டிக்' என்றது.

"போனை வச்சதும் அப்பாடான்னு இருந்துச்சு. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் கையைக் காலை நீட்டி உக்காந்தேன். வர்ற வழியெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு. வந்து பாத்தா, உசுரோட இருக்காரு." குரலைத் தாழ்த்தினார். "உங்க மேல கோவமே இல்ல. எனக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களாலதான் தெரிஞ்சுது. அதான் உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

கண்டக்டரின் சுண்டுவிரல் நகம் சதையோடு ஒட்டி வளர்ந்திருந்தது. வலிக்கக் கூடாதென்று அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வெட்ட ஆரம்பித்தார்.