கடப்பாக்கத்தில் முற்பகல் அந்தி

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானில் மேகமில்லை, மேல்காற்று மணலை வாரியிறைத்தது. அன்று முற்பகலில் கடப்பாக்கத்தில் ரோகிணியின் வீட்டின்மீது மட்டும் சூரியன் அஸ்தமித்தது. அண்டை வீடுகளில் வெயிலும் கருவாடும் வழக்கம்போல் காய்ந்தன.

வாயிலில் நின்றவன் செங்கல்பட்டுத் தௌசிஃப். நீதிமன்ற ஆணைப்படி பொருள்களை ஜப்தி செய்யும் அமீனாவாகப் பணியேற்று அது இரண்டாம் வாரம். பெண்பெயர் போன்ற அப்பதவியை அவன் தாய் அக்தர் பேகம் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்திருந்தாள். ஆகையால் முதல் வாரண்டை நிறைவேற்றாமல் திரும்புவதில்லையென்று அவன் உறுதி பூண்டிருந்தான். ஜப்திக்குரியது கடனில் வாங்கிய படகு இன்ஜின் ஒன்று. அது பழுதாகிக் கிடந்த நாளில் வேறொருவர் படகில் சென்ற ரோகிணியின் கணவன் லட்சுமணன் திரும்பவில்லை. தொழில் செய்பவனின் கருவியை ஜப்தி செய்யலாகாது; தொழில் செய்தவனே இல்லாமற்போனதால் இன்ஜின் வெறும் பொருளாயிற்று. ரோகிணியோ அதை நாள்தோறும் எண்ணெயிட்டுத் துடைத்து, அவன் வரவுக்காக வைத்திருந்தாள்.

"விளக்கு வெச்சாச்சு அண்ணாத்த. இனிமே வூட்லேந்து ஒண்ணும் வெளியே போவாது," என்றாள்.

சட்டமும் அதையே கூறிற்று: சூரியன் மறைந்தபின் அமீனா எவர் வீட்டினுள்ளும் நுழையலாகாது. தௌசிஃப் படியிலிருந்து காலை எடுத்தான், வெயில் திரும்பிற்று. வைத்தான், இருண்டது.

"இன்னா அமீனா, உள்ள போவ வெக்கமா கீதா? பொண்ணு பாக்கவா வந்துகினு கீற?" என்று எதிர்வீட்டுத் திருவேங்கடம் கேட்டார்.

செவ்வாய்தோறும் சென்றான், செவ்வாய்தோறும் அந்தி விழுந்தது. 'சூரியன் மறைந்திருந்தபடியால் நுழைய இயலவில்லை' என்று அவன் எழுதியதை நீதிமன்றம் ஏற்று வாய்தா தந்தது. இருபத்தாறு வயதுடைய ரோகிணி புரட்டாசியில் நரைத்திருந்தாள். அவன் வருவித்த ஒவ்வோர் அந்தியும் அவளுக்கு ஓராண்டாகக் கழிந்திருந்தது. அதை உணர்ந்த தௌசிஃப், வேலை போனாலும் போகட்டுமென்று தெருவிலேயே நின்றுவிட்டான்.

"நா வரலக்கா."

"வா தம்பி. வருசம் போனாத்தானே அவரு வர்ற வருசம் வரும்?"

மறுத்துப் பார்த்தான், அவள் கை கூப்பினாள். ஐப்பசியின் கடைசிச் செவ்வாயன்று, அழுதபடி, காலை முழுவதும் படியில் கால் வைத்தும் எடுத்தும் நின்றான். பல் உதிர்ந்து முதுகு வளைந்த பின்னும் அவள் "இன்னோரு தபா" என்றே கூறினாள். இறுதி அந்தியில் லட்சுமணன், போனபோது உடுத்தியிருந்த கைலியில் நீர் சொட்ட, வயது ஒன்றும் ஏறாதவனாய்க் கரையிலிருந்து வந்தான்.

"ஆயா, ரோகிணி வூட்ல கீதா?"

அவள் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"கடைக்குப் போயிக்கீது நைனா. வந்துடும். நீ குந்து."

தௌசிஃப், தொழில் செய்பவன் வந்துவிட்டமையால் இன்ஜின் மீண்டும் கருவியாயிற்றென எழுதி வாரண்டைத் திருப்பினான். திருவேங்கடம் லட்சுமணனுக்கு நாஸ்தா கொண்டுவந்தார். லட்சுமணன் தெருவையே பார்த்தபடி உண்டான். ரோகிணி விளக்கை அமர்த்தினாள். அவ்வீட்டின்மீது வெயில் திரும்ப விழுந்தபோது மணி பதினொன்று நாற்பது.