மலைமாமணி, ஒரு கோடு, மூன்று எழுத்து

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜவ்வாது மலையைப் பற்றி ஓயாமல் எழுதும் ராஜாக்கண்ணுவுக்கு வேலூரில் ஒரு மேடையில் ‘மலைமாமணி’ பட்டம் கொடுத்தார்கள். அதே மேடையில் எனக்குச் சால்வை மட்டும். வீட்டில் பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘மேகங்கள் மலையுச்சியை வருட, பகிர்வு என்னும் மானுட மாண்பு—’

(கைவிட்டேன். இப்படியே போனால் எனக்கும் பட்டம் கொடுத்துவிடுவார்கள்.)

2

நேராகவே சொல்கிறேன். மலைமேல் ஒரு வீடு, இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று உள்ளறையில், ராஜாக்கண்ணுவுடையது. இன்னொன்று கூடத்தில், பிரிண்டரோடு, மருமகள் கோகிலவாணியுடையது. அவள் மகளிர் குழுவின் செயலாளர். சாமை உடைக்கும் மெஷின் கேட்டுக் குழு தயாரித்த விண்ணப்பம் மாமனாரின் கம்ப்யூட்டரில், இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து, வாசலில் காத்திருக்கும் பதினோரு பெண்களிடம் கையெழுத்து வாங்கி, பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஒடுகத்தூர் போய்க் கொடுக்க வேண்டும். இன்றுதான் கடைசி நாள். அடுத்த பஸ் சாயங்காலம்.

ஃபோல்டர் திறக்கவில்லை.

(பென் டிரைவ் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பட்டமளிப்பு விழா வீடியோவோடு அவர் சட்டைப்பையில் இருக்கிறது. உள்ளறைக்கே போகலாமே என்பீர்கள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஆன்லைன் கருத்தரங்கில் பேசுகிறார். தலைப்பு: ‘பகிர்ந்து வாழ்ந்த மலைமக்கள்’.)

3

ஒடுகத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி சதீஸ்குமாருக்குப் போன் போட்டாள்.

“யக்கா, நெட்வொர்க்குல இன்னா பேரு காட்டுது?”

“எப்பவும் ‘வீடு’ன்னு காட்டும்டா. இப்ப அதக் காணோம். மலைமாமணி, ஒரு கோடு, அப்பறம் மூணு எழுத்து.”

“மூணு எழுத்து இன்னா?”

“நீயே புரிஞ்சிக்கோ.”

தம்பி சிரித்தான். “கம்ப்யூட்டருக்குப் பட்டம் கட்டிட்டாரா பெருசு? பதினஞ்சு எழுத்துக்கு மேல காட்டாதுக்கா.”

ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. பட்டம் முழுசாக நின்றது, ஆள்தான் மூன்றெழுத்தோடு வெட்டுப்பட்டார்.

(இங்கேயே முடித்துவிட ஆசை. என் பொறாமைக்கு இது போதும். கோகிலவாணிக்குப் போதாது.)

4

அந்தப் பெயரைத் திறந்தாள். யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டது.

“பழைய பேருக்குத்தான் சேவ் பண்ணி வெச்சிருந்தோம். அதான் புதுசா கேக்குது. பாஸ்வேர்டு பழசேதான். யூசர் நேம் உங்க மாமா பேரு, அடி.”

அடித்தாள். தப்பு என்றது.

“இன்னா அடிச்ச?”

“மாமான்னு.”

“யக்கா!”

கல்யாணமாகி ஒன்பது வருஷம். மாமனார் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். சொல்லக் கூடாத பெயரை டைப் அடிக்கலாமா? எந்தக் கையேடும் இதைப் பேசவில்லை.

குழுவில் சின்னக்குழந்தை என்று ஒருத்தி, வாசலிலிருந்து கத்தினாள். “இன்னாடி இவ்ளோ நேரம்? நான் எங்க மாமனார் பேர கெடாவுக்கே வெச்சிட்டு தெனமும் வெரட்டிக்கினு கீறேன்!”

உள்ளறையிலிருந்து ராஜாக்கண்ணுவின் குரல்: “எங்கள் மக்கள் எதையும் பூட்டி வைத்ததே இல்லை!”

5

இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அவள் கதவைத் தட்டுகிறாள். கருத்தரங்கில் கேட்டுக்கொண்டிருக்கும் ஆறு பேருக்கும் (மூவர் உறவுக்காரர்கள்) விஷயம் தெரிந்துவிடுகிறது. மற்றதில், பெயரை அடித்த அந்த நொடியில் தலைமுறைகளின் சங்கிலி—

வேண்டாம். நடந்தது இதுதான்: பட்டம் இல்லாமல், மாமா இல்லாமல், எல்லாம் சின்ன எழுத்தில், அவர் பெயரை அடித்தாள். ஃபோல்டர் திறந்தது. கன்னத்தில் ஒருமுறை போட்டுக்கொண்டாள். பிரிண்ட் கொடுத்தாள்.

நாலில் மூன்று பக்கம் வந்துவிட்டது. கையெழுத்துப் பக்கம் பிரிண்டரில் பாதியில் நிற்கிறது. வளைவில் பஸ்ஸின் ஹாரன். பஸ்ஸைப் போகவிட்டால் கதைக்கு ஒரு கனம் வருமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோகிலவாணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எழுதிக்கினே கீறீங்களே சார், போய் பஸ்ஸ நிறுத்துங்க!”

போகிறேன். சால்வையை ஆட்டினால் டிரைவர் நிறுத்துவார். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழியாமல் இழுத்து, பதினோரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வர வேண்டியது நீங்கள்தான். பேனா வைத்திருக்கிறீர்களா?