சம்பந்தி கேட்ட கணக்கு

அழகேசனுடைய நேர்மையைப் பற்றி பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அதனால்தான் அவரிடம் கணக்கு எழுதக் கொடுக்க எல்லோரும் பயந்தார்கள்.

"மனுசன் தங்கம்லா" என்பார்கள். சொல்லிவிட்டு, வருமான வரி ஃபாரத்தைச் சுருட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ராசா என்ற ஊருக்குப் போவார்கள். அங்கே ஓர் ஏஜெண்டு இருந்தார். அவர் கைபட்டால் எப்படிப்பட்ட கடையும் நஷ்டத்தில் ஓடும்.

அழகேசன் தோட்டத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து, தபால் வழியில் கணக்கியல் படித்துத் தேறி, இரும்புச் சாமான் கடைக்கு மேலே அலுவலகம் திறந்தவர். தினமும் காலையில் விபூதி பூசிக்கொண்டு, "பொய் எழுதாத கையைக் கொடு" என்று வேண்டிக்கொள்வார். சாமி கேட்டபடியே கொடுத்தார். அந்தக் கைக்கு வேலையைத்தான் கொடுக்கவில்லை.

அது எண்பத்தாறாம் வருடம். ஈய விலையும் விழுந்து, செம்பனை எண்ணெய் விலையும் விழுந்து, கடைத்தெருவே முகம் வாடிக் கிடந்தது. அழகேசனுக்கு மிஞ்சிய பெரிய வாடிக்கை பின்சந்துக்கு எதிர்ப்புறம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சீனி முகம்மது ஒருவர்தான். அவர் தரும் கூலியில்தான் மாடி வாடகையும் நாகமணியின் சம்பளமும் நடந்தன. நாகமணியின் கணவன் செம்பனைக் குலை வெட்டும்போது முதுகில் அடிபட்டுத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் படுத்திருந்தான். அவள் தட்டச்சு செய்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருநாள், ஊரே மரியாதையாக 'நானா' என்று கூப்பிடும் சீனி முகம்மது மூச்சு வாங்க மாடியேறி வந்தார். மூத்த மகள் ரஹ்மத்தின் கல்யாணம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"தம்பி, கல்யாணச் செலவக் கடைச் செலவுல சேர்த்துடுங்க."

"அது எப்படி நானா கடைச் செலவாகும்?"

"வந்து சாப்பிட்டவன் பூரா யாரு? நம்ம வாடிக்கை. நம்ம பிரியாணிய ருசி பார்க்க வச்சோம். வெளம்பரம்லா!"

"நகை?"

சீனி முகம்மது சற்று யோசித்தார். "சமையல்கட்டுச் சாமான்னு போடுங்க."

நாகமணி தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அழகேசன் சிரித்தேவிட்டார். ஆனால் எழுத மாட்டேன் என்றார்.

"மனசு நோகாதீங்க நானா. சட்டத்துல உங்களுக்கு உள்ள வரிக் கழிவ ஒரு காசு விடாம எடுத்துத் தர்றேன். புது அடுப்பு, ஐஸ் பெட்டி, ஆள் சம்பளம், எல்லாத்துக்கும் உண்டு. இல்லாததத்தான் எழுதச் சொல்லாதீங்க."

"ராசாக்காரரு எழுதுறாரே?"

"அவரு எழுதலாம். கீழ கையெழுத்துப் போடுறது நீங்க."

சீனி முகம்மது எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க நல்லவருதான் தம்பி. உங்க நல்ல கொணத்துக்கு நான் வரி கட்ட முடியாதுலா."

மறுநாள் அவருடைய காகிதங்களையெல்லாம் அழகேசன் மாதவாரியாக அடுக்கி, சிவப்புக் கயிற்றால் கட்டினார். அடுத்த வரித் தவணை என்றைக்குக் கட்ட வேண்டும் என்று மேலட்டையில் பெரிதாக எழுதினார்.

"போறவருக்கு எதுக்கு சார் இவ்ளோ உபசாரம்?" என்றாள் நாகமணி.

"தேதி மறந்து போச்சுன்னா அபராதம் நானாவுக்குத்தானேம்மா."

"நம்ம வாடகை?"

அழகேசன் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தார். தீபாவளிவரை பார்ப்பது, ஆள் வராவிட்டால் கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்கே கிராணி வேலைக்குப் போவது என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தார். தனக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். இந்தப் பெண் எங்கே போவாள் என்பதற்குத்தான் விடை தெரியவில்லை.

சில வாரம் கழித்துப் புதிதாக ஒருவர் படியேறி வந்தார். நாகமணி அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கோலசிலாங்கூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுலாப்தீன். ஆனால் அவர் கணக்கு எழுதிக்கொள்ள வரவில்லை.

"சீனி முகம்மது மகன் கனிக்கு எம் பொண்ணு ஹமீதாவக் கேக்குறாங்க. பள்ளிவாசல்ல விசாரிச்சேன், முடி வெட்டுற கடையில விசாரிச்சேன். எல்லாரும் நல்லபடியாத்தான் சொல்றாங்க. டீ வாங்கிக் குடுத்துருக்காரோ என்னமோ! இந்த ஊருல பொய் சொல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தானாம். சொல்லுங்க, கடை நெசமா ஓடுதா? கடன் கிடன் இருக்கா?"

நாகமணி தலை நிமிர்ந்து அழகேசனைப் பார்த்தாள். நகை சமையல்கட்டுச் சாமான் ஆன கதையைச் சொன்னால் போதும், சம்பந்தம் நின்றுவிடும்.

"ஒருத்தர் கணக்க இன்னொருத்தர்கிட்ட சொல்ல முடியாதுங்க முதலாளி."

"அவருதான் உங்கள விட்டுட்டுப் போயிட்டாரே!"

"அவருதான் போனாரு. நான் குடுத்த வாக்கு போகலியே."

"சரி, வாயால சொல்ல வேணாம். நல்லா ஓடுதுன்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

அழகேசன் கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டார். மேலே காற்றாடி வேகமாகச் சுற்றியது. அந்தக் காற்றில் தலை தப்பித்தவறி அசைந்துவிடக் கூடாதே என்று கவலையாக இருந்தது.

ஜெய்னுலாப்தீன் அலுத்துப்போய் எழுந்தார். வெயிலில் இவ்வளவு தூரம் வந்த மனிதர், மகளைப் பெற்றவர், வெறுங்கையோடு போகிறாரே என்று அழகேசனுக்கு மனம் கேட்கவில்லை.

"கணக்கக் கேக்காதீங்க. மனுசனப் பத்திக் கேட்டா, தெருவுல போறவங்களுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியும். இப்படிச் சன்னல்கிட்ட வாங்க."

சந்துக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடையின் பின்வாசல். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்து, ஆதரவுக்கு ஆளில்லாமல் போன கிழவி காளியம்மா தூக்குச் சட்டியோடு நின்றாள். சீனி முகம்மதே வந்து சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மேலே ஒரு மீன் துண்டையும் வைத்தார். "நேத்து ஏன் வரல? கொட்டவா ஆக்கி வச்சேன்?" என்று திட்டவும் செய்தார்.

ஜெய்னுலாப்தீன் கிழவி தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். "தெனம் இப்படித்தானா?"

"நான் இந்த மாடிக்கு வந்ததுலேர்ந்து."

அழகேசனுக்கு இன்னொன்றும் தெரியும். நகையைச் சட்டியாக எழுதச் சொன்ன மனிதர், இந்தச் சோற்றை மட்டும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் செலவில் எழுதச் சொன்னதில்லை. அது கணக்கு விஷயம். அதைச் சொல்லக் கூடாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் சீனி முகம்மது மறுபடியும் மாடியேறி வந்தார். கையில் அதே சிவப்புக் கயிற்றுக் கட்டு.

"நீங்க போட்ட முடிச்சு அப்படியே இருக்கு பாருங்க. ராசாக்காரரு அவுக்கவே இல்ல. மேல தேதி எழுதியிருந்ததால தவணையக் கட்டித் தப்பிச்சேன். அது கெடக்கட்டும். சம்பந்தி பொண்ணு தர்றேன்னுட்டாரு, ஆனா ஒரு நிபந்தனை. நம்ம கணக்கு உங்ககிட்டதான் இருக்கணுமாம். அவரு துணிக்கடைக் கணக்கும் இங்கதான் வருது. வரிக்குப் பயந்து ஓடுன ஆள இழுத்தாந்து விட்டுட்டாரு!"

நாகமணியின் தட்டச்சுச் சத்தம் நின்றது. வெகு நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

சீனி முகம்மது குரலைத் தாழ்த்தினார். "வருசக் கடைசியில சம்பந்தி கணக்கப் பார்ப்பாரு. லாபத்தக் கொஞ்சம் கூட்டி எழுத முடியுமா தம்பி?"

"வரியும் கூடுமே நானா."

"கூடட்டும்லா! மானம் பெருசில்லையா?"

"கொறைக்கவும் மாட்டேன். கூட்டவும் மாட்டேன்."

"உங்ககிட்ட முன்வாசலும் அடைப்பு, பின்வாசலும் அடைப்பு!"

அழகேசன் சிரித்தார். "உள்ளதுல ஒண்ணு விட்டுப்போச்சு நானா. காளியம்மாவுக்குப் போடுற சோறு. அதுக்கு ஏதாச்சும் கழிவு உண்டான்னு பார்க்கவா?"

சீனி முகம்மதின் முகம் மாறியது. "அதத் தொடாதீங்க தம்பி. அது வேற இடத்துக் கணக்கு." படிவரை போனவர் திரும்பினார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அழகேசன் சன்னலைக் காட்டினார்.

"அன்னிக்குச் சம்பந்தி இங்க வந்தாரே... அவரும் பார்த்தாரா?"

அழகேசன் கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டார்.

"அட! முன்னமே தெரிஞ்சிருந்தா மீன் துண்டு பெருசா வச்சிருப்பேனே!" என்று முனகியபடி சீனி முகம்மது இறங்கிப் போனார்.

மறுநாள் மதியம் அழகேசனும் நாகமணியும் சன்னலோரம் நின்றார்கள். மீன் துண்டு பெரிதாகத்தான் இருந்தது. காளியம்மா சட்டியைச் சாய்த்துப் பார்த்து, "இன்னிக்கு என்னாய்யா விசேசம்?" என்று கேட்பது மாடிவரை கேட்டது.

சீனி முகம்மது நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். அழகேசன் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.