பக்கத்து அறை நேர்காணல்

மினசோட்டாவின் அந்தச் சின்னக் கல்லூரியில், பட்டம் வாங்கியபின் மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கும் சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கும் வழிகாட்ட இருந்தவர் ஒரே ஆள், டோலெஃப்சன் அம்மையார். பிப்ரவரி வந்தால் ஊரில் ஓய்வுபெற்ற பெரியவர்களைப் பிடித்துவந்து உட்காரவைத்து மாணவர்களுக்கு நேர்காணல் ஒத்திகை நடத்துவார். டாக்டர்களுக்கு ஓர் அறை, வக்கீல்களுக்கு அடுத்த அறை.

லோவல் ஹாகென் மூன்றாம் வருஷம். அவன் டாக்டராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, அவனும் மறுத்ததில்லை. கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் பதிலை உருப்போட்டிருந்தான். அன்று பனியில் ஓடிவந்து கட்டடத்துக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைக்கப் பொறுமையில்லை. கைக்குத் தட்டுப்பட்ட கதவைத் திறந்தான்.

உள்ளே இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி மார்வா ஸ்டென்ஸ்ருட். பக்கத்தில் ஒரு வக்கீல். டாக்டர்கள் என்றே லோவல் நினைத்தான். ஏன் இந்தத் தொழில் என்று கேட்டார்கள். கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ என்று ஒப்பித்தான். வக்கீல் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

“ஒருத்தர் பக்கத்து வீட்டு நாயைச் சுட்டுட்டு உங்கிட்ட ஓடி வர்றார். முதல்ல என்ன கேப்பே, தம்பி?” என்றார் நீதிபதி.

கால்நடை வைத்தியமும் கேட்பார்கள் என்று லோவலிடம் யாரும் சொல்லவில்லையே.

“காயம் எங்கன்னு கேப்பேன், மேடம். உசிர் இருக்கான்னு.”

நஷ்டம் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்கிறான் என வக்கீல் குறித்துக்கொண்டார்.

“அப்புறம்?”

நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றை லோவல் அடுக்கினான்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு, குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா, குடிப்பாரா, சரியாத் தூங்குறாரா...”

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பகையின் பூர்வீகம், போதை, மனநிலை மூன்றையும் ஒரே மூச்சில் தொடும் வக்கீலை அவர் தம் காலத்தில் பார்த்ததில்லை. இவன் இந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவன் என்று வாய்விட்டே சொன்னார். லோவல் பூரித்துப்போனான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கொரின் வாஸ் வந்தாள். சட்டம் படிக்கப் போகிறவள். முதலில் எட்டிப்பார்த்தபோது இந்த அறையில் ஏற்கெனவே ஆள் இருந்ததால், தன்னுடையது அடுத்த அறைதான் என்று அங்கே போயிருந்தாள்.

“பேஷண்ட் ஆபரேஷன் வேண்டாங்கிறார், என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. எழுதி வாங்கிட்டு எதிர் பார்ட்டிக்கு நோட்டீஸ் விடுவேன்னேன். அந்தப் பெரியவருக்கு மூஞ்சியே செத்துப்போச்சு.”

அறை மாறி உட்கார்ந்திருப்பது விளங்கியதும் லோவல் எழுந்தான். பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்தான். அங்கே இருந்த கிழட்டு அறுவைசிகிச்சை நிபுணர் ப்ரூவிட், கொரின் தந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை. ஏன் டாக்டராகணும் என்று கடுப்பாகக் கேட்டார். உருப்போட்டதை விட்டுவிட்டு நடந்ததையே லோவல் சொன்னான்.

“தப்பா வக்கீலுங்க ரூமுக்குப் போயிட்டேன், சார். அவங்க கேஸ் சொன்னாங்க. எனக்குக் காயம்தான் கண்ணுல நின்னுச்சு.”

ப்ரூவிட் பேனாவை மூடிவைத்தார். அடுத்த ஆள் வெளியே காத்திருக்க, இருவரும் தையல் போடுவதைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுவருஷம் லோவலுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நீதிபதிக்குத்தான் மனசு ஆறவில்லை. சர்ச் விருந்தில் லோவலின் அம்மாவைப் பிடித்து, ஒரு நல்ல வக்கீலைக் கெடுத்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அம்மா வாதாடவில்லை. நீதிபதியின் தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை வைத்துவிட்டு நகர்ந்தாள்.