கவிழாத படகு

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை போக்குக் காட்டிக்கொண்டே இருந்ததில் பென்னலூரில் எல்லோரும் வானத்தைத் திட்டினார்கள். நாற்று விட்டவர்கள் திட்டினால் அதில் நியாயம் உண்டு. ஃபிரடிக்கு என்ன வந்தது? அவனுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம் உண்டு, அதுவும் தண்ணீர் கேட்காது. ஆனாலும் பெங்களூர் ரோட்டோரத்து ஷெட்டில் ஃபைபர் தொட்டி வார்க்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் பிரஷ்ஷோடு அடிக்கடி வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பான். அதற்குள் பிரஷ்ஷில் இருக்கிற ரெசின் பசை இறுகிப்போகும். முதலாளி ரத்தினம் உள்ளே இருந்து குரல் கொடுப்பார்.

"இன்னாடா, மேகம் உன் மாமியார் வூட்லேர்ந்து வர்தா? பிரஷ்ஷு கல்லாப் பூடுச்சு பாரு."

"வரும் மொதலாளி. வந்துகினே கீது."

"நீ மொதல்ல உள்ள வா."

அவனுக்கு வேண்டியது வெறும் மழை இல்லை. ஏரி நிரம்ப வேண்டும். நிரம்பி, மிஞ்சின தண்ணீர் கலங்கல் கல்கட்டின் மேல் ஏறிக் குதித்து, கீழே இருக்கிற ஓடையில் வெள்ளமாக ஓட வேண்டும். தட்டையான இந்தச் சீமையில் வேகத் தண்ணீர் என்று ஒன்றைப் பார்க்க வேறு வழி கிடையாது. அந்த வேகத் தண்ணீர் வந்தால்தான் அவன் கங்கைக்குப் போவதும் போகாததும் முடிவாகும்.

கங்கைக்கும் தொட்டி வார்க்கிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஜெபகுமாரைச் சொல்ல வேண்டும். அவர் மெட்ராசில் பேங்க் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேங்க்கை மறந்துவிட்டு மலை, ஆறு என்று அலைகிற கிளப் ஒன்றுக்குத் தலைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேனின் தலையில் நீளமான படகு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். ஒரே ஆள் காலை நீட்டி உட்கார மட்டும் நடுவில் ஓட்டை, மற்றதெல்லாம் மூடியிருந்தது. அதற்குப் பெயர் கயாக் என்றார். இதே அச்சில் ஆறு படகு வேண்டும் என்றார். ரத்தினம் தண்ணீர்த் தொட்டி, ஆட்டோ கூரை எல்லாம் வார்த்தவர். இதென்ன பெரிய விஷயம் என்று ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொரு படகும் முடிந்ததும் ஒழுகுகிறதா என்று ஏரியில் விட்டுப் பார்க்க வேண்டும். ஷெட்டில் நீந்தத் தெரிந்தவனும் எடை குறைந்தவனும் ஃபிரடிதான். ஒழுகல் பார்க்கப் போனவன் போனவன்தான், அதற்குப் பிறகு ஷெட்டுக்கு அவன் உடம்பு மட்டும்தான் வந்துபோனது. ஜெபகுமாரும் அதைக் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கும் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். படகின் ஓட்டையை மூடி இடுப்பில் மாட்டுகிற ரப்பர் துண்டைப் பார்த்து ஷெட் ஆட்கள் 'ஃபிரடிக்குப் பாவாடை வந்துருச்சு' என்று கிண்டல் பண்ணினார்கள். அவன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

அதில் பெரிய வித்தை ரோல் அடிப்பது. வேகத் தண்ணீரில் படகு கவிழாமல் இருக்காது. கவிழ்ந்தால் ஆள் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவான். உடனே உதறிக்கொண்டு வெளியே வரக் கூடாது. அப்படியே இருந்து, துடுப்பை மேல் தண்ணீருக்குக் கொண்டுபோய், ஒரு வீச்சு வீசி இடுப்பைத் திருப்பினால் படகோடு ஆளும் நிமிர்ந்துவிடுவான். "உள்ள போனதும் நிதானமா நாலு எண்ணு, அப்புறம் துடுப்பை வீசு" என்பது ஜெபகுமார் பாடம். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுகிற ஆள் ஃபிரடி. பஸ் நிற்பதற்குள் குதிப்பான். பிறந்ததிலிருந்து அவன் அவசரப்படாத ஒரே இடம் அந்தத் தலைகீழ்த் தண்ணீர்தான். அங்கே அவன் சாவகாசமாக நாலு எண்ணினான்.

பிப்ரவரியில் ரிஷிகேஷுக்கு மேலே கங்கையில் கயாக் பந்தயத் திருவிழா. அது முடிந்ததும் ஆற்றோடு பத்து நாள் பயணம், ராத்திரிக்கு மணல்திட்டில் கூடாரம். கிளப்பிலிருந்து நான்கு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடம் ஃபிரடிக்கா, காலேஜில் படிக்கிற ரகுவுக்கா என்பதைக் கலங்கல் ஓடையில் ஒரே ஒரு ஓட்டம் வைத்து முடிவு செய்யலாம் என்று ஜெபகுமார் சொன்னார். "படகு கவிழலாம், தப்பில்ல. தானா நிமிர்ந்துக்கணும். படகை விட்டு வெளிய வந்தாலோ, இன்னொருத்தர் கை பட்டாலோ அவ்வளவுதான், அவுட்."

வீட்டில் ஜெர்சியிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. சித்திரையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் ஒரகடத்துக்காரி. தண்ணீர் என்றால் குடத்தளவுக்கு மேல் நம்ப மாட்டாள்.

"ஆத்துல படகு கவுந்துகினா?" என்றாள்.

ஃபிரடி சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிர்ந்து கூடப் பார்க்காமல் சொன்னான். "அது கவுறவே கவுறாது. அப்புடித்தான் அதைச் செய்யறதே. நான்தான செய்றேன்."

"கவுறவே கவுறாதா?"

"கவுறாது ஜெர்சி. தொட்டி மேல குந்திகினு போற மாதிரி."

அவள் நம்பினாள். புருஷன் செய்கிற பொருளைப் பற்றிப் புருஷன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? கங்கைப் பக்கம் குளிர் கொல்லும் என்று யாரோ சொல்ல, ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் காதை மூடுகிற குல்லா ஒன்று வாங்கி வந்து அவன் பெட்டியில் வைத்தாள்.

கார்த்திகை பிறக்கும் சமயத்தில் வானம் பிய்த்துக்கொண்டது. மூன்று நாள் விடாத அடைமழை. நாலாம் நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையிலிருந்து ஆள் ஓடிவந்து கலங்கல் போகிறது என்று சொன்னான். ஃபிரடி அந்த நிமிஷமே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஜெபகுமாருக்குப் போன் போட்டான். மறுநாள் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகும்போது ஜெர்சியிடம், ஏரியில் சும்மா ஒரு டெஸ்ட், பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். வேகத் தண்ணீரைப் பார்த்தால் அவள் பயப்படுவாள், பயந்தால் கேள்வி கேட்பாள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

கலங்கல் போகிற நாள் அந்த ஊருக்குத் திருநாள். மஞ்சளும் பூவும் தண்ணீரில் விடுவார்கள். வலையோடு பாதி ஊர் ஓடையில் நிற்கும். அதைவிட முக்கியமான வழக்கம் ஒன்று உண்டு. இரண்டு கரையிலும் தாம்புக் கயிற்றோடு ஆள் நிற்பார்கள். வெள்ளத்தில் மாடு வரும், சில வருஷம் மனுஷனும் வருவான். தலை தண்ணீருக்குள் போனால் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் இறங்கிவிட வேண்டும். ஆணா பெண்ணா, சொந்தமா அசலா என்பதெல்லாம் கிடையாது. ஜெபகுமாருக்கு இது தெரிந்துதான் இருந்தது. கயிற்றுக்காரர்களைக் கூட்டி வைத்து, படகு கவிழ்ந்தாலும் இறங்க வேண்டாம், அது தானாக நிமிரும் என்று இரண்டு தடவை சொன்னார். அவர்களுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றார்கள். ரத்தினம் தன் பங்குக்கு, "நம்ம ஷெட்டு படகுப்பா, ஒண்ணும் ஆவாது" என்று ஜாமீன் கொடுத்தார்.

முதலில் ரகு போனான். பனைமரத்துக்குப் பனைமரம் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூங்கில்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். இரண்டு மூங்கிலில் இடித்தான், ஒரு இடத்தில் தடுமாறினான், ஆனால் கவிழாமல் சாலைப் பாலம் வரை போய்ச் சேர்ந்தான். கரையில் நின்ற ஃபிரடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரகுவைவிட வேகமாகப் போய்விடலாம் என்று அவனுக்குத் தெரிந்துபோனது.

அவன் தண்ணீரில் இறங்கியதும் முதல் இரண்டு மூங்கிலையும் தொடாமல் தாண்டினான். செந்தண்ணீர் மூஞ்சியில் அடித்தது. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டது. மூன்றாவதில் வெள்ளம் கரையை ஒட்டிச் சுழித்துத் திரும்புகிற இடத்தில், அவன் வழக்கம்போல ஒரு நொடி முந்தித் திரும்பினான். படகு பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது.

உள்ளே போனதும் சத்தமெல்லாம் நின்றது. ஃபிரடிக்குப் பயமே இல்லை. ஒன்று. துடுப்பு கையில் இருக்கிறது. இரண்டு. ஆழம் இருக்கிறது, தலை இடிக்கவில்லை. மூன்று. துடுப்பை மேலே கொண்டுபோனான்.

அப்போது ஒரு கை அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தது.

பிடித்த கை விடவில்லை. துடுப்பு பிடுங்கிக்கொண்டு போனது, ரப்பர் துண்டு கழன்றது, வாயெல்லாம் சேறு. வெளியே தலை வந்தபோது அவனுக்கு எதிரில் ஜெர்சி இருந்தாள். தலை மட்டும் வெளியே தெரிய, ஞாயிற்றுக்கிழமைப் புடவையோடு. அவள் கால் தரையில் படவில்லை. அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அவளே முங்கிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் கயிற்றுக்காரர்கள் பொறுப்பார்களா? இரண்டு பேர் குதித்து, இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக் கரையில் போட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கு கரையில் கவிழ்ந்து கிடந்தது. பகல் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றவனுக்குச் சோற்றை ஏரிக்கரைக்கே கொண்டுவந்திருக்கிறாள்.

ஊருக்கு அவள்தான் அன்றைக்குக் கதாநாயகி. செங்கமலம் என்கிற அடுத்த தெருக்காரி ஓடிவந்து காய்ந்த புடவையைப் போர்த்தினாள். தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்தாள். "பொம்பளன்னா இவதான். அம்மாம் ஆம்பளைங்களும் மரமாட்டம் நின்னுகினு இருந்தானுங்க" என்று கயிற்றுக்காரர்களைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் ஜெபகுமாரைப் பார்த்தார்கள்.

ஃபிரடி அவரிடம் போய் நின்றான். "இன்னொரு தபா போறேன் சார். நான் எழுந்துருப்பேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்பா. நீ எழுந்திருப்பே." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆனா கை பட்டாச்சு. ரகு சுத்தமா முடிச்சிருக்கான். அவனுக்கு நான் அநியாயம் பண்ண முடியாது."

சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் ஃபிரடிக்கு ஆத்திரம் வந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் வீட்டுக்கு வந்தான். வீட்டில் ஆள் இருந்தது.

ஜெர்சி கதவோரம் உட்கார்ந்து, கையில் ஏறியிருந்த வேலிக்காத்தான் முள்ளை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியைத் திறந்து குல்லாவை எடுத்து அவள் முன்னால் எறிந்தான்.

"நான் போவக் கூடாதுன்னுதான குதிச்சே?"

அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போவக் கூடாதுன்னா வூட்லயே தடுத்திருப்பேன். இத்த ஏன் வாங்கி வெக்கிறேன்? தண்ணிக்குள்ள ஏன் வரேன்? எனக்கு நீந்தத் தெரியாதுங்க."

அவள் முள்ளைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

"நீங்கதான சொன்னீங்க, கவுறவே கவுறாதுன்னு. கவுறாததே கவுந்துகிச்சுன்னா, ஆளு பூட்டாருன்னுதான நான் நெனப்பேன்?"

அன்றைக்கு முழுக்க வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். தப்பை யார் தலையிலாவது வைக்கலாம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அது சோறு பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த அவன் தலையிலேயே வந்து நின்றது. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் முருங்கை மரத்தடியில் நின்று சமாளித்தான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகவில்லை. ஷெட்டிலிருந்து ஒரு படகைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஜெர்சியையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனான். கலங்கலில் இருந்து தள்ளி, தண்ணீர் அசையாமல் கிடக்கிற மூலையில் படகை இறக்கினான்.

"இதோ பாரு. கவுறும். நான் உள்ள போவேன். நாலு எண்ணிட்டு வெளிய வருவேன். பயப்படாத."

கவிழ்ந்தான். நாலு எண்ணினான். துடுப்பை வீசி நிமிர்ந்தான். தலையை உதறிவிட்டு ஏதோ பெரிய காரியம் செய்தவன்போலக் கரையைப் பார்த்தான்.

ஜெர்சி கரையில் ஒரு கருவேல மரத்தடியில் நின்றிருந்தாள். முந்தானையை அந்த மரத்தின் அடியில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாத்துக்குக் கட்டிகினே?"

"நீங்க முங்குனா என் காலு நிக்க மாட்டேங்குது. மறுபடி ஓடியாந்துருவேன்." அவள் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். "இத்த எனக்கு முன்னாடியே காட்டியிருந்தீங்கன்னா, நேத்து இப்புடிக் கட்டிகினு நின்னிருப்பேன். நீங்க கங்கைக்குப் போயிருப்பீங்க."

ஃபிரடி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படகு மெதுவாகத் திரும்பியது.

"சரி, இன்னொரு தபா போங்க" என்றாள் அவள். "நான் பழகிக்கணும். அடுத்த வருஷமும் மழ பெய்யும்."

அவன் மறுபடி கவிழ்ந்தான். உள்ளே அதே அமைதி, அதே செந்தண்ணீர். ஒன்று. மேலே ஒருத்தி தன்னைத்தானே மரத்தில் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு. அதற்குமேல் அவனால் எண்ண முடியவில்லை. அவசரமாகத் துடுப்பை வீசி எழுந்துவிட்டான்.